“சீனி இல்லையெண்டு போட்டிருக்கே, சாப்பிடலாமா?” – பாமசி கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில் இருக்கும் பாமசியில் 16 வருடமாக நிற்கிறேன். குளிசைகளுக்குப் பக்கத்தில் “டயபெற்றிக் தட்டு” என்று ஒன்று வைத்திருக்கிறோம்: பிஸ்கற், சொக்கலேற், டொபி, தேத்தண்ணிக்குப் போடும் குளிசை, சின்னச் சின்னப் பொடிப் பைகள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மருந்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட அந்தத் தட்டைப் பற்றிக் கேட்பவர்கள்தான் கூட. கேள்விகளும் திரும்பத் திரும்ப அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதிவைத்தேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் குளிசையையும் இன்சுலினையும் கூட்டிக் குறைக்கிற வேலை அவருடையது.

“தம்பி, ‘சுகர் ஃப்ரீ’ எண்டு போட்டா சீனி ஒரு துளியும் இல்லையோ?”

கிட்டத்தட்ட இல்லை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தராதர அமைப்பின் வழிகாட்டலின்படி 100 கிராமில், பானமென்றால் 100 மில்லிலீற்றரில், சீனி 0.5 கிராமுக்கு மேற்படக்கூடாது. அரைக் கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனியில் பத்தில் ஒரு பங்கு. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. லேபலில் “சீனி” என்றால் வெள்ளைச் சீனி மட்டுமல்ல. குளுக்கோசு, பழத்தில் இருக்கும் புருக்டோசு, பாலில் இருக்கும் லக்டோசு எல்லாமே அந்தக் கணக்கில் வரும். ஆனால் மாப்பொருள் வராது. கோதுமை மா, அரிசி மா, சவ்வரிசி, கிழங்கு மா எதுவுமே லேபல் பாஷையில் சீனி இல்லை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

“‘நோ அடெட் சுகர்’, ‘ரிடியூஸ்ட் சுகர்’, ‘சுகர் ஃப்ரீ’ – மூண்டும் ஒண்டுதானே?”

மூன்றும் மூன்று. கடைசியை மேலே சொல்லிவிட்டேன். “ரிடியூஸ்ட்” என்றால் அதே வகைச் சாதாரணப் பண்டத்தைவிடக் குறைந்தது 25 வீதம் குறைவு என்று அர்த்தம். சாதாரண ஜாமில் 100 கிராமுக்கு 60 கிராம் சீனி இருந்தால், குறைத்த ஜாமில் 45 கிராம் இருக்கலாம். பெயருக்குக் குறைவுதான், ஆனால் போத்தலில் கிட்டத்தட்டப் பாதி சீனி.

“நோ அடெட்” என்றால் வெளியிலிருந்து சீனி போடவில்லை, அவ்வளவுதான். பண்டத்தில் பிறவியிலேயே இருக்கும் சீனி அப்படியே இருக்கும். ஒன்றும் சேர்க்காத தோடம்பழச் சாறு ஒரு கிளாஸ், 200 மில்லிலீற்றர், குடித்தால் ஏறத்தாழ 20 கிராம் சீனி உள்ளே போகும். பேரீச்சம்பழத்தை அரைத்துச் செய்த “சீனி சேர்க்காத” உருண்டைகள் இப்போது நன்றாக விற்கின்றன. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தில் பாதிக்கு மேல் சீனிதான். பழம் நல்லது என்பது வேறு கதை. சீனி இல்லையென்று நினைத்து எட்டு உருண்டை சாப்பிடுவதுதான் பிழை.

“முன்னுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு போட்டிருக்கே, அது என்ன?”

இலங்கையில் சட்டப்படி போடும் நிற அடையாளம். 2016 ஆகஸ்டில் பானங்களுக்கு முதலில் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் வந்தது. சீனியோடு உப்பும் கொழுப்பும் சேர்ந்தன. அங்கே சீனிக்கு 100 கிராமில் 22க்கு மேல் சிவப்பு, 8 முதல் 22 வரை மஞ்சள், 8க்குக் கீழே பச்சை.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் சிவப்பு விளங்கும். ஆனால் மஞ்சளின் இரண்டு கரைகளுக்கும் இடையில் நிறைய இடைவெளி. 2.5 கிராம் இருந்தாலும் மஞ்சள், 10.9 இருந்தாலும் மஞ்சள். 10.9 உள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றை முடித்தால் 43 கிராமுக்கு மேல், அதாவது பத்துத் தேக்கரண்டி அளவு சீனி. சிவப்பு இல்லையே என்று நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போவார்கள். மஞ்சளைக் கண்டால் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள்.

“பச்சை போட்ட பிஸ்கற்தானே, அம்மாவுக்கு ஒரு பக்கற்றாக் குடுத்தா என்ன?”

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பச்சை சீனிக்கு மட்டும். பிஸ்கற் செய்வது மாவில். வாயில் வைத்து மெல்லும்போதே மாப்பொருள் உடையத் தொடங்கி, குடலில் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்குப் போய்விடும். அது சீனிப் போத்தலிலிருந்து வந்ததா, மாவிலிருந்து வந்ததா என்று இரத்தத்துக்குத் தெரியாது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. சீனி சேர்க்காத பிஸ்கற் ஒன்றில் 100 கிராமுக்குச் சீனி 1 கிராம், மொத்தக் காபோவைதரேற்று (சீனியும் மாப்பொருளும் சேர்ந்த கணக்கு) 66 கிராம் என்று வைப்போம். ஒரு பிஸ்கற் 8 கிராம். அம்மா தேத்தண்ணியோடு ஆறு சாப்பிட்டால் உள்ளே போகும் காபோவைதரேற்று ஏறத்தாழ 32 கிராம். 100 கிராம் சோற்றில் இருப்பதே 28 கிராம்தான். ஒரு சின்னக் கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு “நான் ஒண்டும் சாப்பிடேல்ல, சும்மா பிஸ்கற்தான்” என்று அம்மா சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, பக்கற் அவரை அப்படி நம்பவைத்துவிட்டது. ரஸ்க், கிறீம் கிறக்கர், பணிஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

“பின்பக்கத்தில எதைப் பாக்கிறது? எழுத்தும் சின்னன், கண்ணாடியும் கொண்டுவரேல்ல.”

ஒரே ஒரு வரியைப் பார்ப்பதென்றால் மொத்தக் காபோவைதரேற்றைப் பாருங்கள். “அதில் சீனி” என்று கீழே உள்ளே தள்ளி எழுதியிருப்பது அதன் ஒரு பகுதி மட்டும்தான். இரண்டாவது, அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். “ஒரு பரிமாறல் – 2 பிஸ்கற்” என்று போடுவார்கள். இரண்டோடு நிறுத்தும் வீடு எது என்று எனக்கு இன்னும் தெரியாது.

நேரம் இருந்தால் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். எது கூட இருக்கிறதோ அது முதலில் வரும். மோல்ரோடெக்ஸ்ரின், டெக்ஸ்ரோஸ், குளுக்கோசுப் பாணி, இன்வேர்ட் பாணி, பழச்சாறுச் செறிவு: எல்லாம் இரத்தத்தில் சீனியை ஏற்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கண்ணாடி கொண்டுவராதவர்கள் ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள், அல்லது என்னிடம் தாருங்கள். நானும் இப்போது கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறேன்.

“கித்துள் கருப்பட்டி, பனங்கட்டி, தேன் எல்லாம் இயற்கைதானே, அதுக்குச் சீனி ஏறாதே?”

ஏறும். கித்துள் பதநீரைக் காய்ச்சினாலும் பனம் பதநீரைக் காய்ச்சினாலும் தண்ணீர் போய் மிஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனிப் போத்தலில் இருக்கும் அதே பொருள். நிறத்திலும் மணத்திலும் கொஞ்சம் தாது உப்புகளிலும்தான் வித்தியாசம். பனங்கற்கண்டு அதைவிடச் சுத்தமான சுக்ரோஸ். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சீனி, அதில் பெரும்பகுதி குளுக்கோசும் புருக்டோசும். உலக சுகாதார நிறுவனம் “குறைக்க வேண்டிய சீனி” என்று சொல்லும் கணக்கில் தேனும் பாணியும் பழச்சாறும் சேர்த்தி.

இதைச் சொன்னால் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரும். என் மாமியாருக்கும் வந்தது. கருப்பட்டியைக் குறை சொல்லவில்லை. வட்டிலப்பத்துக்கு அதைவிட்டால் வேறு எது? எருமைத் தயிருக்குக் கித்துள் பாணி ஊற்றத்தான் வேண்டும். ஒரு தேக்கரண்டி ஊற்றுங்கள், சீனி ஊற்றியதாகவே கணக்கு வையுங்கள். “இது மருந்து” என்று சொல்லிக்கொண்டு கிண்ணம் நிறைய ஊற்றுவதைத்தான் வேண்டாமென்கிறேன். பாணியில் சீனிப்பாகு கலந்து விற்பதும் நடக்கிறது என்பதால் மலிவான போத்தலில் இருப்பது கித்துள்தானா என்பதே வேறு சந்தேகம்.

“தேத்தண்ணிக்குப் போடுற குளிசை நல்லதா?”

அந்தத் தட்டில் இருக்கும் எல்லாவற்றிலும் எனக்கு மனதார விற்கக்கூடியது அதுதான். பிளேன்ரீயில் சீனியைத் தவிர ஏறுவதற்கு வேறொன்றும் இல்லை. சீனியை எடுத்துவிட்டுக் குளிசையைப் போட்டால் முழுதாக மிச்சம். பிஸ்கற்றில் அப்படி இல்லை, மா அங்கேயேதான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் பலகாரத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பலகாரம் வருடத்தில் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் பத்துத் தேக்கரண்டி, 40 முதல் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் மேல் எல்லை 50 கிராம். 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணியிலேயே கோட்டா முடிந்துவிட்டது. ரின்பால் போடுகிறவர்கள் கவனிக்க: ரின்பாலில் பாதி சீனி. குளிசையைப் போட்டுவிட்டு ரின்பாலையும் ஊற்றினால் குளிசைக்குக் கொடுத்த காசுதான் நட்டம்.

“அஸ்பார்ட்டேம் கேன்சர் எண்டு வாட்ஸ்அப்பில வந்ததே, அண்ணா?”

அஸ்பார்ட்டேம் என்பது டயட் சோடாவிலும் சில தேத்தண்ணிக் குளிசைகளிலும் சீனிக்குப் பதில் போடும் இனிப்பூட்டி. அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, பாதியில் வெட்டிய உண்மை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அஸ்பார்ட்டேமை “2பி” என்ற பிரிவில் போட்டது. “ஏற்படுத்தக்கூடும், ஆனால் சான்று மட்டுப்பட்டது” என்பது அதன் பொருள். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் இன்னொரு நிபுணர் குழு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய நாளாந்த எல்லையை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. 70 கிலோ ஆளுக்கு அது ஒரு நாளைக்கு 2800 மில்லிகிராம். டயட் சோடா கான் ஒன்றில் 200 முதல் 300 என்று வைத்தால் ஒன்பது கானுக்கு மேல் குடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முதல் பாதிதான் வந்தது.

சக்கரினுக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1879இல் கண்டுபிடித்த இன்னொரு இனிப்பூட்டி அது. எலிகளுக்கு மூத்திரப்பையில் கட்டி வந்ததென்று அமெரிக்காவில் 1977 முதல் எச்சரிக்கை வாசகம் போடவைத்தார்கள். எலிக்கு வரும் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்த பிறகு 2000இல் அதை எடுத்துவிட்டார்கள். அஸ்பார்ட்டேமைக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் பினைல்கீற்றோனூரியா என்ற அரிய பிறவி நோய் உள்ளவர்கள். சின்ன எழுத்தில் இருக்கும் “பினைல்அலனின் அடங்கியது” என்ற வரி அவர்களுக்கானது.

“அப்ப ஸ்டீவியா? அது இலைதானே.”

இலையிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த பொருள். சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, சீனி ஏறாது, கடைசியில் அதிமதுரம் கடித்த மாதிரி ஒரு கசப்பு நிற்கும். சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. பொடிப் பையாக வாங்கினால் சேர்மானத்தைப் பாருங்கள். இவ்வளவு இனிப்பான பொருளை ஒரு பை நிறைய வைக்க முடியாது. மிச்ச இடத்தை டெக்ஸ்ரோஸ், மோல்ரோடெக்ஸ்ரின் அல்லது எரித்திரிற்றோல் நிரப்பும். ஒரு தேத்தண்ணிக்கு அது கணக்கில் வராது. கேசரிக்கு முப்பது பை உடைத்தால் வரும்.

“மகன் ஜேர்மனியில இருந்து ‘டயபெற்றிக் சொக்கலேற்’ அனுப்புறான். அது மருந்துக் கடைச் சாமான்தானே?”

நல்ல பிள்ளை. ஆனால் அந்தப் பேருக்கு இப்போது மதிப்பு இல்லை. ஒரு காலத்தில் அங்கே சீனிக்குப் பதில் புருக்டோசும் சோபிற்றோலும் போட்டு நீரிழிவுக்காரருக்கென்றே தனி உணவு விற்றார்கள். அதனால் பிரயோசனம் இல்லை, சாதாரண உணவையே அளவோடு சாப்பிடலாம் என்று அந்தத் தனி விதிகளை 2010இல் நீக்கிவிட்டார்கள். இருந்த சரக்கை விற்க 2012 வரை நேரம் கொடுத்தார்கள். இப்போது வரும் மட்டைகளில் பெரும்பாலும் “ஓனெ ட்சுக்கர்ட்சுசாட்ஸ்” என்றிருக்கும். சீனி சேர்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டாம் கேள்விக்குச் சொன்ன அதே வகை.

பெரும்பாலும் சீனிக்குப் பதிலாக மோல்ற்றிற்றோல் இருக்கும். அது சீனியைவிட மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறும். கிராமுக்குச் சீனியில் 4 கலோரி, இதில் 2.4. ஒரு மட்டையில் 40 கிராம் இருந்தால் மிச்சம் 64 கலோரி. அதே மட்டையில் 35 கிராம் கொழுப்பு இருந்தால் அதிலிருந்து மட்டும் 315 கலோரி. ஆகவே இரண்டு துண்டு. முழு மட்டை இல்லை, மகன் அனுப்பினாலும்.

“தம்பி, இதுல ‘சுகர் அல்கஹோல்’னு போட்டிருக்கே, நாங்க சாப்பிட ஏலுமா?”

பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தாத்தா நோன்பு மாதத்தில் கேட்டது. அது சாராயம் இல்லை. மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து இரசாயனம் வைத்த குடும்பப் பெயர் அது. வெறிக்கும் எதனோல் அதில் கிடையாது. சோபிற்றோல், மோல்ற்றிற்றோல், சைலிற்றோல், எரித்திரிற்றோல் எல்லாம் அந்தக் குடும்பம். பட்டியலில் 420, 965, 967, 968 என்ற எண்களாகவும் வரும். நான் தாத்தாவிடம் பார்க்கச் சொன்னது வேறொன்றை: ஜெலி டொபி என்றால் ஜெலற்றின் எதிலிருந்து எடுத்தது என்று. அதற்கு ஹலால் அடையாளத்தைப் பாருங்கள், மார்க்கத் தீர்ப்புக்கு மௌலவியிடம் கேளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

“சீனியில்லாத டொபி சாப்பிட்டா வயித்தால போகுமா?”

போகும், கூடச் சாப்பிட்டால். மேலே சொன்ன சோபிற்றோல் குடும்பம் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள பக்ரீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறுமுன் ஒரு பெரிய பை டொபி வாங்கிப்போய், நித்திரை வராமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பையை முடித்துவிட்டார். புத்தளம் தாண்டியதிலிருந்து பஸ்ஸை எத்தனை தரம் நிற்பாட்டினார்கள் என்பதை அவரே வந்து சொன்னார். பையின் பின்பக்கத்தில் எச்சரிக்கை இருந்தது. இருட்டில் யார் பார்ப்பது? ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும்.

எரித்திரிற்றோல் மட்டும் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு மூத்திரத்தோடு போய்விடுவதால் வயிற்றைக் குழப்புவது குறைவு. 2023இல் வந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் அது கூட இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூட வந்ததைக் கண்டது. உடம்பே அதைக் கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் காரணம் அதுதானா என்று தீரவில்லை. இதய வருத்தம் உள்ளவர்கள் கரண்டி கரண்டியாகப் போடாமல் இருப்பது புத்தி. இன்னொன்று: வீட்டில் நாய் இருந்தால் சைலிற்றோல் உள்ள சுவிங்கத்தைக் கைக்கெட்டாமல் வையுங்கள். மனிதருக்குப் பல்லுக்கு நல்லது. நாய்க்கு இரத்தச் சீனியை வீழ்த்திவிடும், ஈரலையும் கெடுக்கும்.

“தீபாவளிக்குச் சுக்ரலோஸ் போட்டுப் பலகாரம் சுடலாமோ?”

சுக்ரலோஸும் சீனிக்குப் பதில் போடும் ஓர் இனிப்பூட்டி. சுடலாமா என்பது எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலகாரத்தில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. பாகாகிக் கட்டிப்பிடிக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், பொன்னிறம் தரும், பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். அரியதரம், தொதல், மஸ்கற் மூன்றும் பாகிலே நிற்பவை. சீனியை எடுத்தால் இனிப்பு மட்டுமல்ல, பலகாரமே போய்விடும். என் மனைவி ஒரு வருடம் அரியதரத்துக்கு முயன்று பார்த்தார். எண்ணெய்ச் சட்டியில் அது மணலாகப் பிரிந்தது. எண்ணெயும் போய், மாவும் போய், அன்றைக்கு வீட்டில் சத்தமும் கேட்டது. கிறிஸ்மஸ் கேக் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் சீனி ஒரு காரணம். குறைத்துச் செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சுருக்காகச் சாப்பிட்டு முடியுங்கள்.

பாயாசம், கேசரி, வட்டிலப்பம் இவையெல்லாம் விட்டுக்கொடுக்கும். வட்டிலப்பத்தை இறுகவைப்பது முட்டை, ஆகவே கருப்பட்டியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் இறுகும். ஏலக்காயையும் சாதிக்காயையும் கொஞ்சம் கூட்டினால் இனிப்புக் குறைந்தது தெரியாது. கேசரிக்குப் பாதிச் சீனி, மீதிக்குச் சுக்ரலோஸ் போட்டால் நாக்கு ஏமாறும். சுக்ரலோஸ் கொதியைத் தாங்கும். அஸ்பார்ட்டேம் தாங்காது. நஞ்சாகாது, ஆனால் நெடுநேரம் கொதித்தால் இனிப்பு உடைந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டுப் போடுங்கள். ஆனால் முதல் கேள்வியை மறக்க வேண்டாம். சவ்வரிசிப் பாயாசத்தில் சீனியே போடாவிட்டாலும் சவ்வரிசி முழுக்க மாப்பொருள். என் அபிப்பிராயம் கேட்டால், உண்மையான அரியதரத்தில் பாதியை ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டு அன்று இரவு இடியப்பத்தில் மூன்றைக் குறைப்பேன்.

“பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?”

பச்சைப் பிள்ளைகளுக்கு வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழே சீனியும் வேண்டாம், இதுவும் வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு நீரிழிவு இருந்தால் டொக்டர் சொல்லும் அளவு. மற்றப் பிள்ளைகளுக்குச் சீனிக்குப் பதில் இதைப் பழக்கினால் இனிப்பு ஆசை அப்படியேதான் இருக்கும். தண்ணீர் இருக்கிறதே.

“மெலியிறதுக்கு டயட் சோடாவுக்கு மாறினன். சரிதானே?”

இரண்டு போத்தல் சாதாரணச் சோடாவிலிருந்து மாறினால் கலோரி குறையும், அது வெறும் கணக்கு. ஆனால் 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் அதனால் எடை குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. நான் கண்டதைச் சொன்னால், டயட் சோடா வாங்குகிறவர் அந்தத் தைரியத்தில் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் இரண்டையும் வாங்குவார்.

“இருமல் பாணியிலயும் சீனி இருக்கோ?”

பலவற்றில் இருக்கும். ஐந்து நாள் தேக்கரண்டிக் கணக்கில் குடிப்பதால் பெரிய மாற்றம் வராது. நீரிழிவு என்று சொன்னால் சீனியில்லாததை எடுத்துத் தருவோம். அதில் பெரும்பாலும் சோபிற்றோல் இருக்கும். பஸ் கதையை நினைவில் வைத்து, சொன்ன அளவுக்கு மேல் குடிக்காதீர்கள்.

“மூண்டு மாசமாச் சீனியே தொடேல்ல, எல்லாம் சுகர் ஃப்ரீதான். பிறகேன் ரிப்போட் ஏறி வந்தது?”

எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. பெரும்பாலும் பிஸ்கற் கணக்கில்தான் போய் நிற்கும். முன்பு இரண்டு சாதாரண பிஸ்கற், இப்போது பயமில்லாமல் ஆறு. சோறும் பாணும் குறையவில்லை. பழச்சாறு “இயற்கை” என்று கூடியிருக்கும்.

ஆனால் சாப்பாட்டின்மேல் மட்டும் பழி போட வேண்டாம். குளிசையைத் தவறவிட்டாலும், உடம்பில் கிருமித்தொற்று இருந்தாலும், முட்டுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ ஸ்ரீரொயிட் குளிசை எடுத்தாலும் ஏறும். குளிசைத் துண்டையும் ரிப்போட்டையும் சேர்த்து டொக்டரிடம் காட்டுங்கள். “சுகர் ஃப்ரீ சாப்பிடுறன்தானே” என்று நீங்களாகக் குளிசையைக் குறைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

“சீனி இறங்கி மயக்கம் வந்தா டயட் சோடா குடுத்தாக் காணுமோ?”

காணாது. இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் அந்த நிமிடம் தேவை உண்மையான சீனி: 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. குளுக்கோசு இருந்தால் இன்னும் நல்லது. அகார்போஸ் என்ற குளிசை எடுப்பவர்களுக்குக் குளுக்கோசுதான் வேலைசெய்யும். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பச் சோதியுங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தரம் கொடுங்கள், ஏறிய பிறகு சாப்பாடு. சொக்கலேற் வேண்டாம், கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். சாதாரணச் சோடாவிலும் இப்போது சீனியைக் குறைத்து இனிப்பூட்டி கலக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 6 கிராம்தான் என்றால் 250 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும், முன்புபோல அரைக் கிளாஸ் போதாது. நினைவில்லாத ஆளுக்கு வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதை நான் படித்தது எங்கள் வீட்டில். அப்பாவுக்கு நீரிழிவு என்று வீட்டிலிருந்த சீனியை எல்லாம் நானே அள்ளிக் கொடுத்துவிட்டேன். ஒருநாள் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தியவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, என்னை ஆரென்று கேட்டார். பதற்றத்தில் அம்மா குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சோடாவைக் கொடுத்தார், டயட் சோடா. முழுக் கிளாஸும் குடித்தார், ஒரு மாற்றமும் இல்லை. தேடினால் வீட்டில் ஒரு தேக்கரண்டிச் சீனி இல்லை. மேல்மாடி ஃபிளற்றில் போய்க் கதவைத் தட்டினேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீனிப் போத்தலை அப்படியே கையில் தந்தார். அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “அப்பாவின் சீனி, தேத்தண்ணிக்குத் தொடவேண்டாம்” என்று துண்டு ஒட்டி அம்மா அதை அடுப்படித் தட்டில் வைத்திருக்கிறார். மூன்று தரம் நிரப்பியாகிவிட்டது. இரண்டு தரம் அப்பாவுக்கு முடிந்தது, ஒரு தரம் எறும்பு.